இரண்டு மருத்துவம், ஒரே வாசல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஹாங்காங் போயிருந்தோம். ஷியுங் வான் பக்கத்து மேட்டுத் தெருக்களில் நடக்கும்போது தொங் வா மருத்துவமனையைப் பார்த்தோம். 150 வருடப் பழமையான இடம், வெள்ளைக்காரன் காலத்திலேயே சீன வைத்தியமும் ஆங்கில வைத்தியமும் ஒரே இடத்தில் கொடுத்தார்கள் என்று எங்களைக் கூட்டிப்போனவர் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அவ்வளவு பெருந்தன்மையோடா நடந்துகொண்டார்கள்?

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1894 பிளேக்கில் அந்த மருத்துவமனை நோயாளிகளை ஒளித்து வைத்தது, கஷாயம் கொடுத்தே சாகவிட்டது, அதனால்தான் அரசாங்கம் தலையிட்டு ஆங்கில மருத்துவத்தை உள்ளே கொண்டுவந்தது என்கிறார். இதில் எது சரி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அம்மா இதயத்துக்காக ஒரு மருத்துவமனையில் வார்ஃபரின் வாங்கிச் சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கு ஒரு சீன மருந்துக் கடையில் மூலிகை வாங்கிக் காய்ச்சிக் குடிக்கிறார். இதை அங்கேயும் சொல்வதில்லை, அதை இங்கேயும் சொல்வதில்லை. சொன்னால் திட்டுவார்களாம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இருக்காதே, நம் சித்த மருத்துவத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வரக்கூடாதா? உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மையிலேயே நடந்தது. உங்களைக் கூட்டிப்போனவர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் இரண்டு பேரும் மருந்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அந்த மருத்துவமனையின் கதையைப் படிக்கப் படிக்க எனக்குத் தெரியவருவது வேறு. அங்கே நடந்த பெரிய சண்டை எந்த மருந்து நல்லது என்பதைப் பற்றி இல்லை. நோயாளியின் உடம்பை யார் தொடலாம், அவர் செத்த பிறகு அந்த உடம்பை யார் என்ன செய்யலாம் என்பதுதான் சண்டை. இரண்டு மருத்துவங்களும் ஒரே கூரைக்குக் கீழே வந்தது அந்தச் சண்டையில் ஏற்பட்ட ஒரு சமரசத்தால்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் நடந்த அதே பகுதியில், தை பிங் ஷானில், 1851-இல் சீனர்கள் ஒரு சிறு கோயில் கட்டினார்கள். குவாங் ஃபுக் ஈ-ட்ஸ் என்று பெயர். ஊரைவிட்டு வேலைக்கு வந்து, சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்துபோனவர்களின் பெயர்ப் பலகைகளை வைத்துக் கும்பிடுவதற்கான இடம் அது. கொஞ்ச நாளில் செத்தவர்களோடு சாகப்போகிறவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கூலிகள் தங்கிய நெரிசலான வீடுகளில் ஒரு சாவு விழுவதை யாரும் விரும்பவில்லை. ஒருவர் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தால் தூக்கிக்கொண்டுபோய்க் கோயிலில் விட்டுவிடுவார்கள். அரசாங்க மருத்துவமனை ஒன்று இருந்தது. ஆனால் சீன ஏழைகள் அங்கே போகவில்லை. அங்கே பாஷை புரியாது, சாப்பாடு ஒத்துவராது, மருந்து என்னவென்றே தெரியாது. எல்லாவற்றையும்விட, செத்தால் உடம்பை அறுத்துப் பார்ப்பார்கள் என்ற பயம். முழு உடம்போடு முன்னோர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்று நம்புகிறவனுக்கு அது சாவைவிடப் பெரிய பயம்.

1869-இல் அல்ஃபிரெட் லிஸ்டர் என்ற அதிகாரி அந்தக் கோயிலுக்குள் போய்ப் பார்த்தார். பிணங்களுக்குப் பக்கத்திலேயே உயிரோடு இருப்பவர்கள், அவர்களின் கழிவிலேயே, கவனிக்க ஆளில்லாமல் கிடந்தார்கள். செய்தி பத்திரிகைகளுக்குப் போய்ப் பெரிய அவமானமாகிவிட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் ரிச்சர்ட் மெக்டானல். அவர் ஏற்கெனவே சூதாட்ட விடுதிகளுக்கு உரிமம் கொடுத்துப் பெரிய தொகை சேர்த்துவைத்திருந்தார். லண்டனுக்கு அந்தப் பணம் பிடிக்கவில்லை, நல்ல காரியத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்றது. அதிலிருந்து 1,15,000 டாலரும், கூடவே நிலமும் சீன வணிகர்களுக்குக் கொடுத்து, நீங்களே ஒரு மருத்துவமனை நடத்துங்கள் என்றார். 1870-இல் சட்டம் வந்தது. 1872 பிப்ரவரியில் தொங் வா திறக்கப்பட்டது.

உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கத்துக்கு ஏழை நோயாளிகள் தெருவில் சாகக்கூடாது, அதற்காகக் கருவூலத்திலிருந்தும் தொடர்ந்து செலவு செய்யக்கூடாது. வணிகர்களுக்கோ தங்கள் ஆட்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு இடமும், அதோடு கூடிய மரியாதையும் வேண்டும். அந்த வணிகர்கள் யார் என்றால், வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கும் சீனச் சந்தைக்கும் நடுவே நின்று வியாபாரம் நடத்திக்கொடுத்தவர்கள், நம் சென்னைப் பட்டணத்துத் துபாஷிகளைப் போல. அவர்களோடு அரிசி, துணி, அபினி வியாபாரிகளும் அடகுக்கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதல் தலைவர் லியோங் ஓன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் துபாஷிதான்.

அன்றைக்கு உள்ளே இருந்தது முழுக்க முழுக்கச் சீன மருத்துவம். நாடி பார்த்தார்கள், மூலிகை காய்ச்சிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இறந்தால் சவப்பெட்டியும் அடக்கமும் இலவசம். பிரேதப் பரிசோதனை கிடையாது. இந்தக் கடைசி விஷயம்தான் மக்களை உள்ளே வரவைத்தது என்று நினைக்கிறேன்.

இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து வந்த எல்லாவற்றையும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவில்லை. பெரியம்மைக்கு மாட்டம்மைப்பால் குத்துவதைத் தொங் வா ஆரம்ப வருடங்களிலேயே செய்தது. அம்மை குத்துகிறவர்களை வெளியூர்களுக்கும் அனுப்பிவைத்தது. அந்த முறை தென்சீனாவின் கான்டன் நகரத்துக்கு (இன்றைய குவாங்சோ) 1805-லேயே அலெக்சாண்டர் பியர்சன் என்ற ஆங்கில மருத்துவர் வழியாக வந்து, சீனர்களே கற்றுக்கொண்டு, சீனர்களே பரப்பிய முறை. தெரிந்தவர் கையால் வந்தால் மக்கள் தயங்காமல் கையை நீட்டினார்கள். சீனர்கள் பழமையில் ஊறியவர்கள், புதியது எதையும் ஏற்கமாட்டார்கள் என்று அன்றைய வெள்ளை அதிகாரிகள் எழுதிவைத்ததை இன்றும் பலர் திருப்பிச் சொல்கிறார்கள். அம்மைப்பால் விஷயம் அதை உடைத்துப் போடுகிறது.

சரி, 1894-க்கு வருவோம். உங்கள் கணவருக்கு நான் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

அந்த வருடம் மே மாதத் தொடக்கத்தில், அரசாங்க மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஜேம்ஸ் லாசன் பிளேக் நோயாளி ஒருவரை அடையாளம் கண்டார். மே 10 அன்று தொங் வா மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தபோது, அங்கே சுமார் 20 பேர் அதே நோயோடு கிடந்தார்கள். அன்றே ஹாங்காங் நோய் தாக்கிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. ஒளித்து வைத்தார்களா? கான்டனில் அப்போது பிளேக் கடுமையாக இருந்தது. தொங் வா மருத்துவர்களுக்கு அது என்னவென்று தெரியாமல் இருந்திருக்காது. அதிகாரிகளிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்திருக்கும். சொல்லாமல் இருந்தது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். பத்து நாள் முன்னால் தெரிந்திருந்தால் சிலராவது பிழைத்திருக்கலாம்.

ஆனால் சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சுகாதார வாரியம் வீடு வீடாகச் சோதனை நடத்தியது. ஷ்ரோப்ஷயர் படைப்பிரிவின் சிப்பாய்கள் தை பிங் ஷான் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். நெறி கட்டியவர்களைத் தூக்கிக்கொண்டுபோய்த் துறைமுகத்தில் நின்ற ஹைஜியா என்ற மருத்துவக் கப்பலில் ஏற்றினார்கள். வீட்டுச் சாமான்களை எரித்தார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெண்கள் இருக்கும் உள்ளறைகளுக்குள் அந்நிய ஆண்கள் பூட்ஸ் காலோடு போனார்கள். கப்பலில் ஏற்றப்பட்டவர் திரும்பி வருவதில்லை. இறந்தவர்களுக்குச் சடங்கும் கிடையாது, நல்ல சவப்பெட்டியும் கிடையாது, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். ஊருக்குள் வதந்தி பரவியது. வெள்ளை மருத்துவர்கள் குழந்தைகளின் கண்ணைத் தோண்டி பிளேக் மருந்து செய்கிறார்கள் என்றார்கள்.

வதந்தி பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு உண்மை இருந்தது. ஜூன் மாதம் பிளேக் கிருமியைத் தேடி இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். ஜப்பானிலிருந்து கிதசாதோ வந்தார், பிரெஞ்சு இந்தோசீனாவிலிருந்து அலெக்சாண்டர் யெர்சின் வந்தார். கிதசாதோவுக்கு அரசாங்கமே பிணங்களைக் கொடுத்து அறுத்துப் பார்க்க வசதி செய்துதந்தது. யெர்சினுக்குக் கிடைக்கவில்லை. அவர் பிணங்களைப் புதைக்கும் பொறுப்பில் இருந்த ஆங்கில மாலுமிகளுக்குக் காசு கொடுத்து, பிணவறைக்குள் போய், நெறிக்கட்டியை வெட்டி எடுத்தார். ஓலைக் குடிசை ஒன்றை ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு அதில் இருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். இன்று அந்தக் கிருமிக்கு அவர் பெயர்தான். அவருடைய கண்டுபிடிப்பை நான் மதிக்கிறேன், பின்னால் வந்த எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் யாருடைய உடம்பை வெட்டினாரோ அந்த மனிதர் அதற்குச் சம்மதிக்கவில்லை. அவருடைய வீட்டாருக்குத் தெரியவும் இல்லை. நம் உடம்பை அறுக்கப்போகிறார்கள் என்று பயந்த கூலியை மூடன் என்று எப்படிச் சொல்வது?

மக்கள் தொங் வா மருத்துவமனைக்கு முன்னால் கூடினார்கள். மருத்துவமனைத் தலைவர்கள் ஆளுநரிடம் போய் மன்றாடினார்கள். வீட்டுச் சோதனையை நிறுத்துங்கள், நோயாளிகளைக் கப்பலுக்குக் கொண்டுபோகாதீர்கள், கான்டனுக்குப் போக விரும்புகிறவர்களைப் போகவிடுங்கள் என்று கேட்டார்கள். ஆளுநர் வில்லியம் ராபின்சன் ட்வீட் என்ற பீரங்கிப் படகைத் தை பிங் ஷானுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். இன்னொரு பக்கம், நீங்கள் வெள்ளைக்காரன் பக்கம் சேர்ந்துவிட்டீர்கள் என்று சொந்த ஜனங்களே தொங் வா தலைவரின் பல்லக்கின் மேல் கல் எறிந்தார்கள். அந்த மருத்துவமனையின் நிலைமை முழுக்க இந்த இரண்டு காட்சிகளில் இருக்கிறது.

கடைசியில் அரசாங்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. கென்னடி டவுனில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக் கட்டடத்தைத் தொங் வா பொறுப்பில் விட்டு, அங்கே சீன மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம் என்றது. படகுகளில் கான்டனுக்குப் போகவும் அனுமதித்தது. அந்தக் கண்ணாடித் தொழிற்சாலை மருத்துவமனை மோசமாகத்தான் நடந்தது. தரையில் பாயைப் போட்டு நோயாளிகளைக் கிடத்தியிருந்தார்கள். லாசன் அதைப் பற்றி மிகக் கடுமையாக எழுதினார், அதில் நியாயமும் உண்டு.

இப்போது உங்கள் கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கஷாயம் குடித்தவர்கள் செத்தார்கள், சரி. ஹைஜியா கப்பலில் இருந்த சீனர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு பிராந்தியும் தலைக்கு ஐஸும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு நோய் கண்ட சீனர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்தார்கள், எந்த மருத்துவமனையில் கிடந்தாலும். மொத்தச் சாவு 2,500 அளவில். ஊரைவிட்டு ஓடினவர்கள் சுமார் 80,000 பேர் என்று சொல்வதுண்டு. பிளேக்கைக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகத்தில் எவரிடமும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில். எலித் தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்பதை பால்-லூயி சிமோன் கண்டறிந்தது 1898-இல், அதுவும் கராச்சியில். 1894-இல் சிப்பாய்கள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது எலிகள் பக்கத்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஆக, தெரிந்த மருத்துவத்துக்கும் தெரியாத மருத்துவத்துக்கும் நடந்த சண்டையாக அதைப் பார்க்க முடியாது. இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஒருவரிடம் சிப்பாய்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே நோய் 1896-இல் பம்பாய்க்கு வந்தது. ஹாங்காங்கிலிருந்து கப்பலில் வந்திருக்கலாம் என்பதே பரவலான கருத்து. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள், பெண்களை நடுத்தெருவில் நிறுத்திப் பார்த்தார்கள். 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார், சாபேக்கர் சகோதரர்கள் தூக்குக்குப் போனார்கள். ஹாங்காங்கில் கோபம் அந்த அளவுக்குப் போகாமல் நின்றதற்கு, போய் அழவும் சண்டை போடவும் கல்லெறியவும் ஒரு தொங் வா இருந்தது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

பிளேக் அடங்கிய பிறகு தொங் வா மருத்துவமனையை மூட வேண்டும் என்ற குரல் வெள்ளையர்களிடையே பலமாக எழுந்தது. 1896-இல் ராபின்சன் ஒரு விசாரணை ஆணையம் வைத்தார். மூடவில்லை. மூடினால் அத்தனை ஏழைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு வந்தது. மேற்கத்திய மருத்துவம் படித்த ஒரு சீன மருத்துவர் உள்ளேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். அப்படி முதலில் வந்தவர் சுங் கிங்-யூ. அரசாங்க மருத்துவர் ஒருவர் அவ்வப்போது வந்து பார்வையிடுவார். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் முதலில் அந்த மேற்கத்திய மருத்துவர் சோதித்து என்ன நோய் என்று எழுதுவார். அதன்பிறகு சீன மருத்துவமா மேற்கத்திய மருத்துவமா என்பதை நோயாளியே சொல்லலாம்.

நீங்கள் ஆச்சரியப்பட்ட "ஒரே இடத்தில் இரண்டு மருத்துவம்" இப்படித்தான் வந்தது. இரண்டு மருத்துவங்களும் உட்கார்ந்து பேசி ஒன்றாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். சீன மருத்துவர் ஒரு பக்கம், மேற்கத்திய மருத்துவர் ஒரு பக்கம், ஒருவர் மருந்தில் மற்றவர் கை வைக்கவில்லை. ஆரம்பத்தில் பெரும்பாலான நோயாளிகள் சீன மருத்துவத்தையே கேட்டார்கள். வருடங்கள் போகப்போக மற்ற பக்கமும் ஆட்கள் கூடினார்கள். யாரும் துப்பாக்கி காட்டவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு எழுந்து நடந்து போனதைப் பார்த்தார்கள், மருத்துவர் தங்கள் பாஷையில் பேசினார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார் என்பதும் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல முடிந்ததால்தான் சரி என்றும் சொன்னார்கள் என்பது என் எண்ணம். இதைத்தான் நான் இந்த மருத்துவமனையின் பெரிய காரியமாக நினைக்கிறேன். 1894-இல் பீரங்கிப் படகால் செய்ய முடியாததை, உனக்கு எது வேண்டும் என்ற கேள்வி செய்தது.

அந்தச் சுதந்திரத்துக்கு வேலி இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. தொற்றுநோய் என்று எழுதிவிட்டால் நோயாளிக்குத் தேர்வு கிடையாது, வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இன்ன நோயால் செத்தார் என்று சான்று எழுதும் அதிகாரம் மேற்கத்திய மருத்துவரிடம்தான். சீன மருத்துவர் நாற்பது வருடம் நாடி பார்த்தவராக இருந்தாலும் அவர் சொன்ன நோய்ப்பெயர் அரசாங்கப் புத்தகத்தில் ஏறாது. எந்த நோய் என்று சொல்லும் உரிமை ஒரு கையில் இருக்கும்போது, மருந்தைத் தேர்ந்துகொள் என்பது முழுச் சமத்துவம் ஆகிவிடாது.

அப்புறம், தொங் வா உள்ளே வந்த சமரசம் தெருவுக்கு வர இன்னும் பல வருடம் ஆனது. பிளேக் ஹாங்காங்குக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வீட்டில் பிளேக் சாவு என்று தெரிந்தால் வீட்டைப் புரட்டிப் போடுவார்கள் என்பதால், ராத்திரியோடு ராத்திரியாகப் பிணத்தைத் தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள் ஜனங்கள். பெற்ற பிள்ளையின் உடம்பைத் தெருவோரம் வைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் வீடு திரும்பும் தாயை நினைத்துப் பாருங்கள். 1905-லிருந்து சீனர்களே வட்டாரம் வட்டாரமாக மருந்தகங்கள் வைத்து, மேற்கத்திய மருத்துவம் படித்த சீன மருத்துவர்களை உட்காரவைத்து, சாவைப் பதிவு செய்வதையும் அடக்கத்தையும் அவர்கள் வழியாக நடத்தத் தொடங்கிய பிறகுதான் அது மெல்லக் குறைந்தது. இங்கேயும் வழி அதே வழிதான்.

1911-இல் கவ்லூன் பக்கம் யாவ் மா தேயில் குவாங் வா மருத்துவமனை திறந்தபோது, முதல் நாளிலிருந்தே இரண்டு மருத்துவமும் இருந்தன. 1929-இல் மூன்றாவதாகத் தொங் வா கிழக்கு மருத்துவமனை வந்தது. 1931-இல் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்ந்தன. உள்நோயாளிகளுக்குச் சீன மருத்துவம் கொடுப்பது ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தோடு நின்றது. போருக்குப் பிறகு சீன மருத்துவம் வெளிநோயாளிகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. சீன மருத்துவர்களைப் பதிவு செய்து அங்கீகரிக்கும் சட்டம் ஹாங்காங்கில் 1999-இல்தான் வந்தது, பிரிட்டிஷ்காரர்கள் கப்பல் ஏறி இரண்டு வருடம் கழித்து. ஒன்றரை நூற்றாண்டு ஆண்டவர்கள் அதைத் தடை செய்யவும் இல்லை, முறைப்படுத்தவும் இல்லை. பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொள்வதைப் பெருந்தன்மை என்று வரலாறு சொல்லித்தரும்போது நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இறந்தவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாவிட்டால் தொங் வா யாருக்கு என்னவாக இருந்தது என்பது புரியாது. கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வேலைக்குப் போய் இறந்த சீனர்களின் உடல்களும் எலும்புகளும் ஹாங்காங்குக்குக் கப்பலில் வரும். தொங் வா அவற்றை வாங்கி, சாண்டி பேயில் இருந்த தன் சவப்பெட்டி இல்லத்தில் பாதுகாத்து, சொந்தக் கிராமத்துக்கு அனுப்பிவைக்கும். 1902-இல் நியூசிலாந்திலிருந்து 499 சீனர்களின் உடல்களோடு ஹாங்காங் நோக்கி வந்த வென்ட்னர் கப்பல் வழியில் மூழ்கியது. கரை ஒதுங்கிய எலும்புகளை அங்கிருந்த மவோரி மக்கள் எடுத்து மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கடல் கடந்து செத்தவனின் எலும்பைக்கூட ஊருக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு இடத்தின் வாசலில்தான் ஒரு ஏழை நோயாளி நம்பி வந்து நின்றான். அந்த நம்பிக்கையை மேற்கத்திய மருத்துவம் கடனாக வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது.

பக்கத்து மக்காவில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே 1871-இல் சீனர்கள் தொடங்கிய கியாங் வூ மருத்துவமனையும் சீன மருத்துவத்துக்கானதுதான். 1892-இல் ஹாங்காங்கில் மேற்கத்திய மருத்துவம் படித்து முடித்த ஒரு இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் சுன் யாட் சென், பின்னாளில் சீனக் குடியரசின் முதல் தற்காலிக அதிபர். கியாங் வூ அவரைத் தன் கூரைக்குக் கீழே மேற்கத்திய மருத்துவம் பார்க்க அனுமதித்தது. சீன மருந்தும் மேற்கத்திய மருந்தும் விற்கும் ஒரு மருந்துக் கடை வைக்கக் கடனும் கொடுத்தது. அவரைத் தடுத்தது யார் தெரியுமா? போர்ச்சுகீசிய அதிகாரிகள். போர்ச்சுகீசியச் சான்றிதழ் இல்லாதவர் வைத்தியம் பார்க்கக்கூடாது என்றார்கள். அவர் கான்டனுக்குக் கிளம்பிப் போனார்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதே குடும்பத்து மருத்துவமனை ஒன்று இருக்கிறது. கோலாலம்பூர் புடு சாலையில் உள்ள துங் ஷின். அங்கிருந்த சீனர்களின் தலைவரான கபித்தான் யாப் குவான் செங் 1880களில் சுரங்கத் தொழிலாளர்களையும் ஏழைகளையும் மனதில் வைத்துத் தொடங்கிய இலவச வைத்தியசாலையிலிருந்து வளர்ந்தது. இன்றும் அங்கே இரண்டு மருத்துவமும் உண்டு. ஹாங்காங் வரை போனவர் இதையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

சித்த மருத்துவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நம் ஊரில் முயன்று பார்க்காத ஒன்று இல்லை. நம் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்த உஸ்மான் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 1920களிலேயே சென்னை அரசாங்கம் இந்திய மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. கேப்டன் சீனிவாச மூர்த்தி அதன் முதல் முதல்வர். சித்தம், ஆயுர்வேதம், யுனானி படிக்கிறவர்கள் அங்கே உடற்கூறு முதலான நவீனப் பாடங்களையும் படித்தார்கள். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இரண்டும் சேர்ந்தது மருத்துவரின் படிப்பில். ஹாங்காங்கில் சேர்ந்தது நோயாளியின் கட்டிலில். எனக்கு இரண்டாவது முறையில்தான் பிடிப்பு அதிகம். மருத்துவர் எவ்வளவு படித்திருந்தாலும், நோயாளியிடம் கேட்காவிட்டால் அந்தப் படிப்பு சிப்பாயின் பூட்ஸ் போலத்தான் வீட்டுக்குள் வரும். ஆனால் இரண்டு பெயர்ப் பலகைகளை ஒரே வாசலில் மாட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். சித்த மருந்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதோடு சேரக்கூடாது என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும். தெரியாமல் தேர்ந்துகொள்வதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

இது என்னை உங்கள் அம்மாவிடம் கொண்டுவருகிறது. உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த வரிகள் அவைதான். வார்ஃபரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அளவு கொஞ்சம் கூடினாலும் இரத்தக் கசிவு வரும், குறைந்தாலும் கட்டி தட்டும். சீன மருத்துவத்தில் சாதாரணமாகப் பயன்படும் டான்ஷென், டாங் குய் என்ற மூலிகைகள் இரண்டும் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். ஜின்செங் அதைக் குறைத்துவிடக்கூடும். மூட்டு வலிக்கான கலவைகளில் டாங் குய் அடிக்கடி சேரும். அம்மா குடிக்கும் கஷாயத்தில் இவை இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆபத்து அங்கேதான்.

அம்மாவிடம் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், வார்ஃபரினைத் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. கடைக்காரரிடம் கலவையில் இருக்கும் மூலிகைகளின் பெயர்களைச் சீன எழுத்திலேயே எழுதி வாங்குங்கள். வார்ஃபரின் அட்டையைக் கடைக்காரரிடமும் காட்டுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்று காத்திருக்காமல், இந்த வாரமே இதய மருத்துவரிடம் அந்தச் சீட்டைக் கொண்டுபோங்கள். திட்டினால் நீங்கள் கூட இருங்கள். அம்மாவின் முட்டி வலிக்கு வேறு என்ன செய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள், அந்த வலி உண்மையானது, அதற்காகத்தான் அவர் கடைக்குப் போனார். ஈறில் இரத்தம், காரணமில்லாமல் உடம்பில் நீலக் கன்றல், கறுத்த மலம் இவற்றில் எது தெரிந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போய் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா